கடல் தெரியும் அறை

ஹட்டனில் ஏறும்போதே மழை.
இரண்டு பேருக்கும் ஒரே ரெயின்கோட்.
அதையும் பைக்குக்காரர்
"கிழிச்சிறாதீங்க" என்று சொல்லித்தான் தந்தார்.
கைகளை நீ நுழைத்துக்கொண்டாய்
பின்பக்கத்தைத் தூக்கித் தலையை நான் உள்ளே விட்டுக்கொண்டேன்.
தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா
எனக்கு மூன்று ஊரும் உன் முதுகுதான்.

இரண்டு நாள் லீவு.
புறக்கோட்டை இரும்புக்கடையில் நீ கெஞ்சி வாங்கியிருந்தாய்
தையல்கடையில் நான் பொய் சொல்லி.
கல்யாணமாகி ஏழு மாதம்.
சேர்ந்திருந்த நாட்களை எண்ணக்
கைவிரலும் கால்விரலும் போதும்.

வெல்லவாய இறங்கி அம்பாந்தோட்டை என்றாய்.
மத்தியானச் சோறு கடற்கரையில் என்றாய்,
கடல் நமக்கு இலை போட்டு வைத்திருப்பதுபோல.
உன் அம்மா ஒரு கிலோ கருவாடு கேட்டிருந்தார்.
"கடலோரத்துல வாங்குனாத்தான் ருசி."

வெலிமடைக்கு முன்னால் மழை விட்டது.
தலையை வெளியே எடுத்தேன்.
ஓடையில் நின்று கரட் மிதித்துக் கழுவிய ஒருவர்
முழங்கால்வரை செம்மஞ்சளாக
நம்மைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.
நீ ஹோர்ன் அடித்தாய், தேவையில்லாமல், இரண்டுமுறை.

பண்டாரவளை தாண்டி ஏற்றத்தில்
கிளட்ச் போனது.
ஹேண்டிலை நீ பிடிக்க, பின்னாலிருந்து நான் தள்ள
அப்புத்தளை வரை
ஒரு வார்த்தை நாம் பேசவில்லை.
அதுதான் நம் முதல் சண்டை என்று
எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"வயர் மட்டுமில்ல தம்பி, தட்டும் தேஞ்சிட்டு,"
என்றார் நஸார் நானா.
"நாளைக்குப் பத்து மணியாகும்."
கடலுக்கென்று மடித்து வைத்திருந்த தாள்கள்
கராஜ் மேசையில் எண்ணெய் பட்டு விரிந்தன.

லொட்ஜ் பியசிறி அரைத் தமிழில் சொன்னார்:
"கடல் தெரியுற ரூம் இருக்கு. ஐந்நூறு கூட."
ஜன்னலைத் திறந்தால்
சுண்ணாம்பு அடித்ததுபோல் மூடுபனி.
"இப்ப இல்ல. விடிய."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நீ ஐந்நூறைக் கொடுத்தாய்.

பதிவுப் புத்தகத்தில் எழுதினாய்:
யோகநாதன், மனைவி தவமணிதேவி.
போகுமிடம் என்ற கட்டத்தில்
பேனையைக் கொஞ்சம் வைத்திருந்துவிட்டுக்
கடல் என்று எழுதினாய்.
பியசிறி வாசித்துப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஈரக் காலுறைகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன்.
கம்பளி சின்னது. யார் இழுத்தாலும்
மற்றவருக்குக் கால் குளிர்ந்தது.

நாலரைக்கு எழுப்பினாய்.
காலுறைகளை விலக்கிப் பார்த்தோம்.
பனி கீழே இறங்கிவிட்டிருந்தது.
ஊவாச் சரிவு முடிந்து, இருட்டான சமவெளி முடிந்து
கடைசியில் ஒரு கோடு.
இருட்டைவிடக் கொஞ்சம் வெளிறிய இருட்டு.
அதன் ஓரத்தில் ஒரு வெளிச்சம் மினுங்கி அணைந்தது.

"லைட்ஹவுஸ்," என்றாய்.
"டெலிபோன் டவர்," என்றேன்.
நீ எண்ணத் தொடங்கினாய்.
முதல்முறை ஏழில் வந்தது.
அடுத்தமுறை ஒன்பதில்.
பிறகு நாற்பதுவரை எண்ணினாய், வரவேயில்லை.
"கடல்தான்," என்றாய், என்னிடம் இல்லை.
தோளில் கிடந்த உன் கையில்
இன்னும் கிரீஸ் மணந்தது.
டவர் என்று நான் மறுபடி சொல்லவில்லை.

திரும்பும் வழியில் வெலிமடைச் சந்தையில்
கருவாடு வாங்கினோம்.
கடைப்பெயர் அச்சடித்த பையை
வளைவொன்றில் நிறுத்தி மாற்றிக் கட்டினாய்,
களவெடுத்தவன் மாதிரி இருபுறமும் பார்த்து.

உன் அம்மா பொட்டலத்தை முகர்ந்தார்.
பொரித்தார். முதல் துண்டை அவரே தின்றார்.
"பாத்தியா,
கடலோரக் கருவாடு கருவாடுதான்."

நான் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன்.
நீ சோற்றைப் பிசைந்தபடி இருந்தாய்.
உதடு மட்டும் அசைந்தது.
ஏழு என்று நினைக்கிறேன்,
ஒன்பதாகவும் இருக்கலாம்.