ஆறாவது பெயர்

செசெலா ஆலையில் எனக்கு வேலை
கரும்புச் சாற்றின் இனிப்பை அளப்பது.
கண்ணாடிக் குழாய், விளக்கு, ஓர் எண்.
பதினேழு வருடத்தில் ஒருமுறையும்
எண்ணைத் திருத்தி எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை செவ்வரளியைக் கழித்தேன்.
பெய்த மழைக்கு அது மதிலைத் தாண்டி
மின்கம்பியைத் தொடப் பார்த்தது.
கழித்ததைக் கட்டித் தூக்கி
வேலிக்கு அப்புறம்
யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் எறிந்தேன்.
குப்பை லாரி செவ்வாய்தான் வரும்.

ஞாயிறு காலை
பொங்கெகிலெ செலே வேலியோரம் நின்றாள்,
காலில் செருப்பில்லை.
இறந்த கணவரை வீட்டுக்கு அழைத்துவரும் சடங்குக்கு
உம்சின்டோ சந்தையில் வாங்கிய ஆடு,
மறுவில்லாத வெள்ளை.
"நேற்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.
இன்று நாலு காலும் விறைத்துக் கிடக்கிறது.
உனக்குத்தான் செடி தெரியுமே.
என்னத்தைத் தின்றிருக்கும்?"

தெரியும்.
தெரிந்ததால் வரிசையாகச் சொன்னேன்.

உண்ணிச்செடியாக இருக்கலாம்,
ரயில் பாதை நெடுக அதுதானே,
ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும்;
தின்ற மாட்டுக்கு வெயில் பட்டால் தோல் உரியும்.
ஊமத்தையாக இருக்கலாம்.
வெள்ளைப் பூவும் ஊதாப் பூவும் ஒரே குணம்,
தின்றவன் சுவரோடு பேசுவான்.
ஆமணக்கு? தண்டு பச்சையோ சிவப்போ,
எண்ணெய் மருந்து, கொட்டை எமன்.
மணல்மேட்டில் தானாக முளைக்கிறதே செங்காந்தள்,
பூவை விடு, கிழங்கைக் கிளறியிருந்தால் போச்சு.

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.
எனக்கு வாய் நிற்கவில்லை.

அப்புறம் இந்த மலைவேம்பு.
கப்பலில் வந்தவர்கள் வேம்பைத் தேடினார்கள்,
கிடைத்தது இது.
இலை கொஞ்சம் ஒத்துப்போனது,
வேம்பென்றே கூப்பிட்டுக்
கோயில் வாசலில் கட்டினார்கள்.
அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.
காய்தான் விடாது.
மைனா தின்றுவிட்டுத் தார்ரோட்டில் தள்ளாடும்,
பன்றி செத்தே போகும்.

ஐந்து பெயர் சொல்லிவிட்டேன்.
ஆறாவது என் முதுகுக்குப் பின்னால்
பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.
மேட்டில் கிடந்ததோ இரண்டு நாள் வெயிலில்
சுருண்டிருந்தது.
வாடினால் அரளிக்குக் கசப்புக் குறையும்.
நஞ்சு குறையாது.

அவளுக்கு என்ன விலை ஆகியிருக்கும்,
இரண்டாயிரம் ராண்டா, கூடவா,
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி:
இப்படி ஓடியது மனம்.

"அது இருக்கட்டும்," என்றாள் செலே.
"அந்தச் சிவப்புப் பூ, உன் சாமிக்குப் பறிப்பாயே,
ஒரு கொம்பு கொடேன்.
அவர் கல்லறையோரம் வைக்கிறேன்.
ஆடுகள் மேய்கிற இடம்,
நான் நட்டது எதுவும் நிற்பதில்லை."

கத்தரியை எடுத்தேன்.
ஒரு கொம்பு, பேனா கனம்,
சாய்வாக வெட்டினேன்.
சாறு விரலில் பிசுபிசுத்தது.
நீட்டிய கையை அவள் பிடிக்கும் முன்
மடக்கிக்கொண்டேன்.

"இது நிற்கும், மகெல்வானே.
ஆடுதான் நிற்காது."

எங்கோ ஒரு ஹடேடா கத்திக்கொண்டு போனது.
அவள் கொம்பைப் பார்த்தாள்,
மரத்தை, அதில் வெட்டுப்பட்ட இடங்களை,
பிறகு மெதுவாக
மேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.
அவள் திட்டியிருந்தால்
என் அரைகுறை ஜூலுவுக்கும் அது புரிந்திருக்கும்.

"போய்க் கை கழுவு," என்றாள்.

அவள் மொழியில் அதற்கு ஒரே பொருள்.
என் மொழியில் இரண்டு.

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
வேலியைச் சுற்றிப் போனேன்.
அவள் அதற்குள்
முழங்கால் ஆழம் தோண்டியிருந்தாள்.