ஓம் என்றொரு பொத்தான்

முதல் நாள் அது வாய் திறக்கவில்லை.
பச்சை நிறத்தில் 'ஐஸ் வேணும்' என்றொரு பொத்தான்,
மேலே கட்டிகளின் கணக்கு.
தொட்டால் கட்டளை போகும், அவ்வளவுதான்.
சாய்ந்தமருது ஐஸ் ஆலைக்கு
நான் கட்டிக்கொடுத்த செயலி
என் மேசையில் நன்றாகத்தான் வேலை செய்தது.

மேசையில் உப்புத்தண்ணி இல்லை.
செதில் ஒட்டிய பெருவிரல் இல்லை.
விடியப்புறம் மூன்று மணிக்கு
ஒற்றைக் கோடாய் மெலிந்து நிற்கும் சிக்னல் இல்லை.

உதுமாலெவ்வை அழுத்தினார்.
திரை அப்படியே. பச்சை அப்படியே.
ஆளில்லாத வீட்டுக் கதவில் நிற்பவர்போல
கொஞ்சம் பொறுத்து
மறுபடி தட்டினார்.
பிறகு மச்சானிடம் கொடுத்தார், அவர் தட்டினார்.
படகில் இருந்த பொடியன் வாங்கி
சாறனில் துடைத்துவிட்டுத் தட்டினான்.

சிக்னல் வந்த நிமிஷம்
எல்லாத் தட்டும் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தன.
பதினாலு தட்டு, தட்டுக்கு நாலு கட்டி.
ஐம்பத்தாறு கட்டி ஐஸ்
லொறியில் வந்து கரையில் இறங்கியது
நாலுக்கு மேல் கொள்ளாத ஒரு படகின் முன்னால்.
கலியாண வீட்டுக்காரர் ரெண்டு கொண்டுபோனார்.
சர்பத் கடைக்கு ஒன்று.
மிச்சத்தை வெயில் ஏற ஏற மணல் குடித்தது.

அச்சிமொகம்மது ஹாஜியார் ஃபோனில் கேட்டார்:
"என்னகா, உன்ட அப்புக்கு வாய் இல்லியா?"

வாய் வைப்பது பெரிய வேலையில்லை.
பெட்டி ஒன்று, தலைப்பு, செய்தி, இரண்டு பொத்தான்.
கடைசி வரியில் காட்டு என்று ஒரு சொல்.
அதைத்தான் மறந்தேன், ஒரு மத்தியானம் முழுக்க.
காட்டு என்று சொல்லாவிட்டால்
கட்டிய பெட்டி நினைவுக்குள்ளேயே கிடக்கும்,
பிழை என்றும் சொல்லாது.
எனக்குள்ளும் அப்படி ஒன்றிரண்டு கிடக்கின்றன.
அது இந்தச் செயலிக்கு வேண்டாத கதை.

'தங்கள் கோரிக்கை வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது.'
எழுதிவிட்டு வாசித்தேன்.
கச்சேரிக் கடிதம் செருப்போடு கடலில் இறங்குவதுபோல.
அழித்தேன்.
'நாலு கட்டி. மெய்தானா?'
கீழே: ஓம். இல்லை.

சோதித்துப் பார்க்கும் சென்னைக்காரர் குறிப்பு அனுப்பினார்:
ஓம் என்பது மந்திரம். ஆம் என்று மாற்றவும்.
நான் பதில் எழுதினேன்:
பிஸ்மி சொல்லிப் படகு தள்ளுகிறவரும்
அம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு வலை ஏற்றுகிறவரும்
விலை படிந்தால் இங்கே சொல்வது
ஓம்.
அவர் ஒரு சிரிப்பு முகம் போட்டார்.
சம்மதமா என்று கேட்கவில்லை நான்.

மூன்று கிழமை போக யாரும் அதை வாசிக்கவில்லை.
பெட்டி எழுமுன்னே
விரல் ஓம் இருக்கும் இடத்தில் காத்திருந்தது.
கேள்வியை எடுத்துவிடலாம்,
ஒரு தட்டுக்குப்பின் பொத்தானைச் சாம்பலாக்கினால் போதும்
என்று நினைத்துக்கொண்டே
பதிவேட்டைப் புரட்டினேன்.

உதுமாலெவ்வை, மூன்று பத்து: இல்லை.
மூன்று பதினாலு: இல்லை.
மூன்று முப்பத்தொன்று: இல்லை.
பிறகு ஒன்றுமில்லை.

பிழையோ என்று பயந்து அழைத்தேன்.
"பிழை இல்ல புள்ள. கடல் சரியில்லாம இரிந்த.
போறதா விடுறதா எண்டு ஒரே யோசின.
மெய்தானா மெய்தானா எண்டு
உன்ட பெட்டிதான் கேட்டுக்கிட்டு இரிந்த.
அந்த நேரத்துல வேற ஆரு கேக்கிற?"

பின்னால் யாரோ மீன் விலை கத்தினார்கள்.
வைத்துவிட்டார்.

புதிய பதிப்பு நேற்றுப் போட்டேன்.
பொத்தான் இப்போது சாம்பலாகிறது.
கேள்வி இருக்கிறது.
எழுத்தை மட்டும் ரெண்டு அளவு பெரிதாக்கினேன்.
அவர் கடலுக்குக்
கண்ணாடி போட்டுக்கொண்டு போவதில்லையாம்.