ஏழாம் எண் பூட்ஸ்

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில்
விண்ணப்ப நோட்டு என் கையில்தான்.
பத்து வருடமாக எழுதுகிறேன்.
சமாதானம். சுகம். வழிநடத்துதல். கிருபை.
யார் எப்போது கேட்டாலும் பொருந்தும் சொற்கள்.
ஒரு பக்கத்தைக் கிழித்து
வேறொரு வருடத்தில் ஒட்டினாலும் தெரியாது.

நைவாஷா ஏரிக்கரையில் தகரக்கூரைச் சபை எங்களது.
ரோஜாத் தோட்டத்தில் ஷிஃப்ட் முடித்து
விரல் நுனியில் பச்சைக் கறையோடு வருகிறவர்கள்.
பூ விமானம் ஏறிவிடும்.
முள் மட்டும் எங்களோடு ஜெபத்துக்கு வரும்.

பிப்ரவரிக்கு முந்தைய அவசரத்தில்
வேலைக்குச் சேர்ந்தவள் நாசிமியு.
வழக்கம்போல் கேட்டேன்: "ஜெபக் குறிப்பு?"
"பூட்ஸ்."
'தேவைகள் சந்திக்கப்பட' என்று தொடங்கினேன்.
எட்டிப் பார்த்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.
"பூட்ஸ்னே எழுதுங்க. ரப்பர் பூட்ஸ். ஏழாம் எண்.
இடது கால் ஒழுகுது."

"ஆண்டவருக்கு உன் கால் அளவு தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதே."

முழங்காலில் நிற்கவில்லை அவள்.
இடுப்பில் கை வைத்து நின்றாள்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி இல்லை,
கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்தவள் மாதிரி.

"ஆண்டவரே, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில்
நாலாயிரத்து முந்நூறு ஷில்லிங் கட்டணும்.
என்கிட்ட தொள்ளாயிரம் இருக்கு.
மீதியை நீரே கழித்துப் பாரும்.
பொறுமை வேண்டாம், அது வீடு நிறையக் கிடக்குது.
பாடம் எதுவும் கற்பிக்க வேண்டாம்,
படிக்க வேண்டியது என் மகள்தான்."

போதகர் கிப்ரோனோ தொண்டையைச் செருமினார்.
"உமது சித்தம்போல்" என்று ஒரு ஒட்டுப் போட்டார்.
ஆமென் சொன்ன கையோடு அவள் சொன்னாள்:
"அவர் சித்தம் அவருக்குத் தெரியும்.
என் வாடகை எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை வந்தது.
பணம் வரவில்லை.
பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த புதன் அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம்.
வந்தாலும் 'கிருபை' என்பாள் என்று நான் நினைத்தேன்.
வந்தாள்.
"போன வாரம் கேட்டதுதான்.
இப்போ அபராதம் இருநூறு சேர்ந்திருக்கு.
அதையும் எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள்.
தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
அந்தச் சத்தம் கொடுத்த தைரியமோ என்னவோ,
பேக்கிங் பிரிவு கெமுன்டோ கத்தினாள்:
"எனக்குப் பல்வலி! கீழ்வரிசை, கடைசிப் பல்!"
மேற்பார்வையாளனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரவேண்டும்
என்றான் முகேனி.
மாற்றல் இல்லையென்றால் அவனுக்கும் அதே பல்வலி.
என் கை வலித்தது எழுதி எழுதி.
எல்லோரும் போனபிறகு போதகர் வந்தார்,
குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு.
"என் மகன் எனக்கு போன் செய்யவேண்டும்.
மகன் என்று போடாதே. பெயர் போட்டு எழுது."

பூட்ஸ் வந்தது ஏப்ரலில்.
வேலையை விட்டுப் போன ஒருத்தி விட்டுச்சென்றது.
எட்டாம் எண்.
நாசிமியு ஸ்தோத்திரம் சொன்னாள்,
முன்பக்கம் துணி திணித்துக்கொண்டாள்,
கூரையைப் பார்த்து, "ஏழுன்னு சொன்னேனே" என்றாள்.
கட்டணக் கணக்கு இன்னும் முடியவில்லை.
அவளும் முடிக்கவில்லை,
வாரம் தவறாமல் தொகையைத் திருத்தி வாசிக்கிறாள்.

நேற்று நோட்டை மூடும் முன்
கடைசி வரியில் என் பெயரை எழுதினேன்.
நியாகுண்டி.
பக்கத்தில் என்ன எழுதுவது?
கேட்டுக் கேட்டு எழுதியவன்தான் நான்,
கேட்டுப் பழக்கமில்லை.
மோரா இறந்த பிறகு
இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்தே கிடக்கிறேன்.
நீர்யானைகள் கரையேறிப் புல் மேயும் சத்தம் கேட்கும்.

தூக்கம், என்று எழுதினேன்.
மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும்.

பிறகு 'போதும்' என்பதை அடித்தேன்.
மூன்றையும் அடித்தேன்.
ஏழு என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்,
காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.