கடல் இருந்த இடம்

மூன்றாம் நாள் மதியம்தான்
அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.
மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு வளையம்.
அதைப் பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது,
பிறத்தியார் தோலைப் பார்ப்பதுபோல்.

ஹிலோவில் இறங்கியபோது மழை.
பஹோவா வந்து சேர்ந்தபோதும் மழை.
தகரக் கூரை, இரண்டு பிரம்பு நாற்காலி,
வீட்டுக்கார நகாட்டா அம்மா
வைத்துவிட்டுப் போன ஐந்து பப்பாளி.
சாக்ரமெண்டோவிலிருந்து நான் கொண்டுவந்தது
ஒரு டப்பா மிளகாய்ப்பொடி.
அவர் கொண்டுவந்தது
பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்,
பதினேழு வரி, நேரம் போட்டு.
நனைந்து மேசையோடு ஒட்டிக்கொண்டது.
நகத்தால் உரிக்கப் பார்த்தார்.
அப்புறம் விட்டுவிட்டார்.

எரிமலை அன்றைக்கு எரியவில்லை.
"மெய்யப்பன் வருகிறான் என்று அணைத்துவிட்டார்களாக்கும்" என்றார்.
பள்ளத்திலிருந்து ஆவி மட்டும்,
இட்லிப் பானை மூடியைச் சற்றே தள்ளி வைத்ததுபோல.
குளிருக்கு அதன் ஓரம் போய் நின்றோம்.
என் கண்ணாடி புகைமூடிப் போனது.
வாங்கித் துடைத்துத் தந்தார்
சட்டை நுனியால்,
முன்னைவிட அழுக்காக.

மகள் அழைத்தாள். என்னம்மா பார்த்தீர்கள்?
பப்பாளி, என்றேன்.
வேறு?
மழை.
அப்பா என்ன செய்கிறார்?
எட்டிப் பார்த்தேன்.
பெரணி இலை ஒன்று சுருள் அவிழ்வதை
நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
அதை எப்படிச் சொல்வது?
தூங்குகிறார், என்றேன்.

இரவெல்லாம் தவளை.
கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்குமாம்.
கோ… கீ, கோ… கீ,
காடு முழுக்க யாரோ
சைக்கிள் மணி சரிபார்ப்பதுபோல்.
வீட்டில் ஃபிரிட்ஜ் முனகினாலே எழுந்து உட்காரும் மனிதர்
வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.
நான் விழித்திருந்தேன்.
கெட்ட விழிப்பு இல்லை.

ஐந்தாம் நாள், போகலாமா என்றார்.
எங்கே என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.
இருபுறமும் மாமரம் கவிந்த இருட்டுச் சாலை,
முடிந்ததும் கடற்கரை, கருப்பு.
எள்ளுப்பொடி கொட்டியதுபோல் இருக்கிறதே என்றேன்.
"பசிக்கிறதா?" என்றார்.

தூண்டிலோடு நின்றிருந்தவர் சொன்னார்:
இங்கே முன்பு மணல் கிடையாது. தண்ணீர்.
படகு இறக்குவோம்.
பதினெட்டில் மலை உருகி வந்தது.
அந்தப் பக்கம் எங்கள் வீடு.
கை காட்டிய இடத்தில் கல்.
கல்லுக்கு அப்பாலும் கல்.
வீட்டைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.
எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார்,
தூண்டிலை மாற்றிப் பிடித்தார்.

பதினெட்டு.
எனக்கு அந்த வருஷம் தெரியும்.
மாடியறையில் நான், கூடத்து சோபாவில் நீங்கள்.
வள்ளிக்கண்ணு நடுப்படியில் உட்கார்ந்து
வீட்டுப்பாடம் எழுதுவாள்,
இரண்டு தரப்புக்கும் பொதுவாக.
தண்ணீர் குடிக்க இறங்கிய இரவில்
டிவியில் சத்தமில்லாமல்
சிவப்பாய் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.
உங்கள் முகத்திலும் அந்தச் சிவப்பு.
எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு
மேலே போய்விட்டேன்.

இந்த ஊர்.
அன்றைக்குத் தீயாய் ஓடிக்
கடலில் விழுந்து பொடிந்ததுதான்
இப்போது என் கால்விரல் இடுக்கில்.
நம் கல்யாணத்தைவிட, மகளைவிட,
இன்னும் ஓட்டுகிற அந்தப் பழைய காரைவிடவும்
வயது குறைந்த நிலம்.

நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள்,
கோயிலுக்குள் போவதுபோல் இல்லை,
சும்மா, மணல் சுடுகிறதா என்று பார்க்க.

பட்டியலில் இந்த இடம் இல்லையே என்றேன்.
"இருந்தது.
பதினேழாவது.
அதற்கு மட்டும் நேரம் போடவில்லை."

மணலுக்குப் பின்னால் ஒரு குட்டை,
பூமியே காய்ச்சி வைத்த வெந்நீர்.
கால்மணி நேரத்துக்கு மேல் இறங்கியிருக்காதீர்கள் என்று
நகாட்டா அம்மா சொல்லியிருந்தார்.
கால் விட்டு உட்கார்ந்தோம்.
கடிகாரம் அறையில் இருந்தது.