இரண்டு அழுத்தம்

நான் நடுவர். வரிச்சட்டைக்காரன்.
பொய்ச் சண்டைக்கு மெய்யாக எண்ணுகிறவன்.
ஒன்று, இரண்டு என்பதற்குள்
யாராவது தோள் தூக்கிவிடுவார்கள்.
தூக்காவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

நீகாதாவில் அன்று பனி.
பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில்
இரும்புத் தூண்களை அவர்களே சுமந்தார்கள்,
பலகை விரித்தார்கள், கயிறு முறுக்கினார்கள்.
மிசுஹோவும் ஒரு முனை பிடித்தாள்.
நகம் உடையாமல் பிடிக்க அவளுக்குத் தெரியும்.
அதைக் கேலி செய்தவர்கள் உண்டு,
நானும்.

வாசல் சுவரொட்டி முழுக்க அவள்.
மற்ற எட்டுப் பேர் கீழே, தபால்தலை அளவில்.
ஒரியே கடைசித் தலை.
ஒரே வருஷம், ஒரே பாயில் விழக் கற்றவர்கள்.
ஒருத்தியின் காது முட்டைக்கோஸ் ஆனது.
ஒருத்தி காதுக்கு முத்து வாங்கினாள்.

முதலாளி நுமாதா ஒளிவுமறைவு இல்லாதவர்:
"ஒரியே மல்யுத்தம் விற்கிறாள்,
மிசுஹோ படம் விற்கிறாள்.
பேருந்துக்கு டீசல் போடுவது படம்."
ஒரு படம் ஐந்நூறு யென்.
கையெழுத்தோடு எழுநூறு.

ஆக, அன்றும் ஒரியே தோற்க வேண்டும்.
தோற்பது லேசில்லை.
எதிராளியின் பலத்தில் பாதியை
உன் உடம்பில் நீயே தயாரித்துக் கொடுக்க வேண்டும்.
அவள் தொட்டால் நீ பறக்க வேண்டும்,
பறந்ததை அவள் கணக்கில் எழுத வேண்டும்.
ஒன்பது வருஷமாய் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பதினோராம் நிமிஷம்
மேல் கயிற்றிலிருந்து மிசுஹோ பாய்ந்தாள்.
அழகாகத்தான் பாய்ந்தாள், கேமராக்கள் சொடுக்கின.
வியர்வையோ என்னவோ, குதிகால் வழுக்கித்
தலை முதலில் வந்தது.

கூட்டம் கைதட்டியது.
குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து
இரண்டு முறை அழுத்தினேன்.
எங்கள் ஊமைப் பாஷை அது:
நலம் என்றால் இரண்டு திரும்பி வரும்.

வரவில்லை.

நிறுத்தியிருக்க வேண்டும்.
டிக்கெட் வாங்கிய முந்நூறு பேர், என்று
ஒரு கணம் நினைத்தேன்.
அந்தக் கணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரியே என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.
உடனே அவள் மேல் விழுந்தாள்.
விழுந்தாள் என்பது கூட்டத்துக்கு.
அருகிலிருந்த எனக்குத் தெரியும்,
ஒரு கிலோ எடைகூட அவள் மேல் வைக்கவில்லை.
முன்கை இரண்டும் தலைக்கு இருபுறம்,
முழங்கைகள் தோளுக்கு முட்டு.
முறிக்கிற பிடி போலவே இருக்கும்,
அசையாமல் காக்கிற பிடி.
பல்லைக் கடித்து உறுமினாள்,
உறுமலுக்குள் வார்த்தை வைத்தாள்:
"கால் விரல், மிசுஹோ. கால் விரலை ஆட்டு."

ஒரு நிமிஷம். ஒன்றரை.
"தூக்கம் வருது!" என்று கத்தினான் ஒருவன்.
"முகத்தை மறைக்காதே!" என்றான் இன்னொருவன்
நீளமான லென்ஸுக்குப் பின்னாலிருந்து.

பிறகு என் உள்ளங்கையில்
எறும்பு கடித்த மாதிரி ஒன்று.
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

ஒரியே பக்கத்தில் மல்லாந்து
மிசுஹோவின் கையை எடுத்துத்
தன் மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டாள்.
மூன்று எண்ணினேன்.
இந்த வருஷத்திலேயே மட்டமான முடிவு என்றது பின்வரிசை.

படம் விற்கிற மேஜை முன்னால்
நாற்பது பேர் நின்று, கலைந்தார்கள்.
ஒரியேவின் படம் மூன்று போனது,
வழக்கம் போல.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரவு இரண்டு மணி.
எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள்.
கழுத்துப் பட்டைக்கு மேலே
பாதி கலைந்த மை, ஒரு முத்து மட்டும்.
"அப்போ என் முகம் எப்படி இருந்தது?" என்றாள் மிசுஹோ.

எனக்குக் கோபம் வந்தது. இதுவா கேள்வி.

இயந்திரத்தில் வாங்கிய சூடான சோளச் சூப் டப்பாவை
உள்ளங்கைகளில் உருட்டிக்கொண்டிருந்த ஒரியே
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"தெரியலை.
நான் கழுத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."