ஜீரோ

காட்பாடி ஏகாம்பரம் சலூனில்
ஜீரோ போடுங்க என்றேன்.
"அப்பா தவறிட்டாரா?"
இல்லை.
"வேண்டுதலா?"
அதுவுமில்லை.
நம்பாமலேயே மெஷினை ஓட்டினார்.

பஸ்ஸில் ஒரு அம்மா லட்டு கேட்டார்.
சி.எம்.சி. வாசலில் ஆட்டோக்காரர்
இருபது ரூபாயைத் திருப்பித் தந்து
"சரியாயிடும் சார்" என்றார்.
வாங்கிக்கொண்டேன்.
கம்பெனி கேட்டில்
கம்மவான்பேட்டை எக்ஸ் மிலிட்டரி
விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.
அதையும்.

யாரிடமும் சொல்லவில்லை,
நாலு வருஷமாக
இடது காதோரத்து முடியை
வலது காதுவரை இழுத்துப் படியவைத்ததை,
காற்றுக்குப் பயந்து பைக்கில்
முப்பதைத் தாண்டாததை.

குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போனோம்.
கத்திரி வெயில்.
ஃபேனுக்கு நேரே போட்ட நாற்காலியை
மெல்ல நகர்த்தினேன்.
காபித் தட்டோடு வந்தவள் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் போய்
ஃபேனை நிறுத்தினாள்.
இரண்டு குடும்பமும் எனக்காக வியர்த்தது.

கேலி செய்திருந்தால்
இன்னும் நாலு வருஷம் சீவியிருப்பேன்.

ராணிப்பேட்டையில் என் வேலை
சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில்.
ஊறி, முடி கழன்று
வழுவழுவென்று வெளியே வரும் தோல்.
காளையா பசுவா என்று
பதினோரு வருஷ சர்வீஸில்
என்னால் சொல்ல முடிந்ததில்லை.

கடைசியாக ஏகாம்பரம் கேட்டார்:
"மீசையையும் எடுத்துடலாமா?"

நான் யோசிப்பதற்குள்
போர்வைக்குள்ளிருந்து
கை வந்து மறைத்துக்கொண்டது.