முப்பத்தி நாலு பாகை

சிப்பில் என் வளையம்
தலைமுடித் தடிப்புக்கூட இல்லை.
ஒளி அதைச் சுற்றிவரும்;
சுற்றளவுக்குப் பொருந்துகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறம்
உள்ளே தங்கும். மற்றதெல்லாம் நேரே போகும்.
ஹீட்டருக்கு ஒரு மில்லிவாட் கூட்டினால்
தங்குகிற நிறம் நகரும்,
சிவப்புப் பக்கமாக மட்டும்.

இருபது பாகையென்று வைத்து வரைந்தேன்.
கூரியர் வந்த கிழமை
அறிவியல்நகரில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டரில் லேசர் ஓடும், ஏசி ஓடாது.
ஹீட்டரைத் தொடவேயில்லை,
வேண்டிய நிறத்தை வளையம் எப்போதோ தாண்டியிருந்தது.
சூடாக்க வழி வைத்தேன்.
ஆறவைக்க வைக்கவில்லை.

"ஐஸ் வைச்சுப் பாப்பமே மிஸ்?"
வாங்கப் போன கஜவதனன்
ஐஸ்பழத்தைத் தானே தின்று முடித்து,
குச்சியோடு வந்து நின்றான்.

இரவு, ஏ-ஒன்பதில் லொறிச் சத்தம் குறைந்தபின்
ஆரையில் எட்டு நனோமீற்றர் வெட்டினேன்.
இனி வளையம் நீலப்பக்கம் பிந்தி நிற்கும்,
மிச்சத் தூரத்தை வெயில் தள்ளட்டும்,
கடைசி இழைக்கு மட்டும் ஹீட்டர்.
கோப்பில் அந்த எட்டுக்குச் சித்திரை என்று பேர் வைத்தேன்.

அது என்ன அளவு என்று
தொழிற்சாலைக்காரர் கேட்டு எழுதியிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.